அடக்க விலைக்கும் கீழே கொடுத்து லாபம் பார்ப்பது எப்படி?

ஒரு பொருளைத் தயாரிக்க 20 ரூபாய் ஆகிறது. விலை 100 என்றால் யாரும் வாங்கமாட்டார்கள். விலையில் ஒவ்வொரு 1 குறையும்போதும் ஒன்று கூடுதலாக விற்கும் என்று வைத்துக்கொள்வோம். தயாரிப்பும் விற்பனையும் ஒரே கையில் இருந்தால் 60 தான் சரியான விலை. 40 விற்கும், லாபம் 1,600.

தயாரிப்பாளர் வேறு, கடைக்காரர் வேறு என்றால்? தயாரிப்பாளருக்கு அதிக லாபம் தரும் மொத்த விலை, அதாவது கடைக்காரருக்கு அவர் கொடுக்கும் விலை, 60. கடைக்காரர் அதன்மேல் தன் லாபத்தை வைத்து 80க்கு விற்பார். 20 பொருள்கள்தான் போகும். தயாரிப்பாளருக்கு 800, கடைக்காரருக்கு 400. மீதி 400 யாருக்கும் இல்லாமல் போகிறது, வாங்குபவருக்கும் விலை கூடுதல். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதுதான் இதில் வேதனை. லாபத்தின்மேல் லாபம் ஏறும் இந்தச் சிக்கலைப் பொருளியலாளர் ஜோசப் ஸ்பெங்லர் 1950இல் விளக்கினார்.

சரி, தயாரிப்பாளர் பொருளை வெறும் 8க்குக் கொடுத்துவிட்டு, விற்ற பணத்தில் 60 சதவீதம் கேட்கட்டும். கடைக்காரருக்கு வருவாயில் 40 சதவீதம். 20 செலவில் அவர் ஏற்கும் 8ம் அதே 40 சதவீதம். அதனால் தன் லாபத்தை மட்டும் பார்த்தாலும் அவர் 60 என்றுதான் விலை வைப்பார். அவருக்கு 640, தயாரிப்பாளருக்கு 960. இருவருக்குமே முன்பைவிட அதிகம்! செலவும் வருவாயும் ஒரே விகிதத்தில் பிரிவதுதான் சூட்சுமம். விகிதம் என்ன என்பது பேரத்தைப் பொறுத்தது.

அமெரிக்காவில் வீடியோ கேசட் வாடகைக் கடைகள் ஒரு கேசட்டுக்குச் சுமார் 65 டாலர் கொடுத்துவந்தன. புதுப்படத்துக்குக் கூட்டம் முதல் சில வாரங்கள்தான். அதற்காக யார் நிறைய வாங்கிவைப்பார்கள்? கேட்ட படம் கிடைக்காமல் வாடிக்கையாளர்கள் திரும்பினார்கள். 1998இல் பிளாக்பஸ்டர் என்ற வாடகைக் கடை நிறுவனம் பட நிறுவனங்களோடு உடன்பாடு செய்துகொண்டது: கேசட்டுக்குச் சுமார் 8 டாலர், அதோடு வாடகையில் ஒரு பங்கு. அப்புறம் அலமாரிகளில் புதுப்படங்கள் நிறைந்தன.

இது எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது. விற்றது எவ்வளவு என்று தயாரிப்பாளருக்குத் தெரிந்தாக வேண்டும். வாடகைக் கடைகளில் கம்ப்யூட்டர் கணக்கு இருந்ததால் அது முடிந்தது. இன்னொரு தடை, கடைக்காரரின் உழைப்பு. விளம்பரமும் ஆள் சம்பளமும் முழுக்க அவர் தலையில், அதனால் கூடும் வருவாயில் அவருக்கு 40 சதவீதம்தான். ஆகவே, எடுத்துச்சொல்லி விற்கவேண்டிய பொருள்களுக்குப் பழைய மொத்த விலை முறையே மேலாகிவிடுவதும் உண்டு.