அல்பம் இல்லாத வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன்

கடையைத் திறந்து சாம்பிராணி காட்டி முடிப்பதற்குள் ஒரு அம்மா வந்து நிற்பார். கைப்பைக்குள் ஒரு பொலித்தீன் உறை, அதற்குள் மடித்த கடதாசி, அதற்குள் முத்திரை அளவில் ஒரு படம். அடையாள அட்டைக்கு எடுத்தது. "இதைப் பெரிசாக்கி, நல்ல சேட்டு ஒண்டு போட்டுவிடுவியளோ தம்பி?" என்பார். யாருடைய படம் என்று நான் கேட்பதில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது, அவர்கள் மடியில் வைத்திருந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். எத்தனையோ படங்கள் இப்படி ஏதோ ஓர் அட்டையிலிருந்து பெருப்பிக்கப்பட்டவை.

போரின் கடைசியில், 2009 மே வரை நீண்ட அந்த இடப்பெயர்வில், முள்ளிவாய்க்கால் போய்ச் சேருமட்டும் ஒவ்வொரு தரிப்பிலும் சாமான் குறைந்தது. அல்பம் பாரமான சாமான். அதை எங்கே விட்டோம் என்று இன்றைக்கும் இடம் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அப்படியென்றால் தப்பிய படங்கள் எப்படித் தப்பின? என்னிடம் பழுதுபார்க்க வருபவற்றில் பல, முன்பு கடிதத்தோடு வைத்துக் கனடாவுக்கோ சுவிஸுக்கோ அனுப்பியவை. அங்கே யாரோ ஒரு பெரியம்மாவின் அலுமாரியில் இருந்துவிட்டு, ஸ்கான் செய்யப்பட்டு வட்ஸ்அப்பில் ஊர் திரும்பியிருக்கின்றன.

டிஜிட்டல் படங்களைப் பாதுகாக்க மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று கொப்பி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது சிரிப்புத்தான் வந்தது. அந்தக் கடைசி 'ஒன்று' வன்னியில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்திருந்தும் நான் செய்யவில்லை.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தது நினைவிருக்கும். தண்ணீர் வற்றிய பிறகு, இரண்டு வருடம் முன்பு நான் கலியாணம் எடுத்த வீட்டு அம்மா வந்தார். அல்பம் ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி ஆகியிருந்தது. "அது போனால் போகட்டும் தம்பி. உங்களிட்ட இருக்கும்தானே?"

இல்லை. அந்தப் படங்கள் இருந்த ஹாட் டிஸ்க் சில மாதம் முன்பே 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுச் செத்திருந்தது. அல்பம் கொடுத்தாயிற்று, காசு வாங்கியாயிற்று, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். அந்த அம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். மாப்பிள்ளையின் தோழன், நாதஸ்வரக்காரர், பேஸ்புக்கில் போட்ட சொந்தக்காரர் என்று ஆள் ஆளாகத் தேடி 140 படம் சேர்த்தேன். எல்லாம் போன் படங்கள். தாலி கட்டுகிற படம் ஒன்றே ஒன்று, அதுவும் யாரோ ஒரு பிள்ளையின் தலைக்குப் பின்னாலிருந்து.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஒவ்வொரு மாரிக்கும் தேவைப்படும். நனைந்து ஒட்டிய போட்டோக்களைக் காயவைத்துவிட்டுப் பிரிக்காதீர்கள். காய்ந்தால் மேற்பூச்சு உரிந்து மற்றப் படத்தோடு போய்விடும். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, மெல்லப் பிரித்து, படப் பக்கம் மேலே பார்க்க நிழலில் பரப்புங்கள். படப் பக்கத்தைத் துடைக்கவே கூடாது. உடனே செய்ய வசதியில்லை என்றால் உறையில் போட்டு பிரிட்ஜின் உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம்.

சரி, தொழில் கணக்குக்கு வருவோம். 24 மெகாபிக்சல் கமராவில் ரோ கோப்பு, அதாவது கமரா பதிந்தபடியே இருக்கும் மூலக் கோப்பு, ஒன்று சுமார் 25 எம்பி. ஒரு கலியாணத்தில் 2000 படம் என்றால் 50 ஜிபி. வீடியோதான் ஆளை விழுங்கும். வினாடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. ஐந்து மணி நேரம் ஓடினால், படங்களோடு சேர்த்து ஒரு கலியாணம் 275 ஜிபி. 4 டிபி டிஸ்க் 14 கலியாணத்தோடு நிரம்பிவிடும். அதை இரண்டு டிஸ்க்கில் வைக்க வேண்டும். 2022 இல் ரூபா விழுந்தபோது டிஸ்க் விலை என்ன ஆனது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் விலை பேசும்போது இதை யாரும் சேர்ப்பதில்லை. ட்ரோனுக்குக் காசு கேட்கிறோம், அல்பத்தின் தோல் அட்டைக்குக் கேட்கிறோம், வைத்துக் காப்பதற்குக் கேட்க வெட்கப்படுகிறோம். 'என்ரை மருமகன் ஐபோன் வைச்சிருக்கிறான், அவன் எடுப்பான்' என்கிறவரிடம் படத்தின் தரத்தைப் பற்றி வாதாடி நான் வென்றதில்லை. இப்போது வேறு ஒன்றைக் கேட்கிறேன்: மருமகனின் போன் கிணற்றுக்குள் விழுந்தால்?

என் பில்லில் இப்போது ஒரு வரி உண்டு: படங்கள் ஐந்து வருடம் பாதுகாக்கப்படும், அதற்குரிய கட்டணம் இவ்வளவு. ஒரு கொப்பி கடையில், ஒன்று வவுனியாவில் மச்சான் வீட்டில், அல்பத்துக்குத் தேர்ந்த படங்கள் மட்டும் இணையச் சேமிப்பில். கடை டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுவேன். ஐப்பசி இடிமின்னலில் ஒரே வெட்டில் கொம்பியூட்டரும் அதோடு கொழுவியிருந்த டிஸ்க்குகளும் போன கதை இங்கே புதிதல்ல.

வாடிக்கையாளர்களுக்கும் சில சங்கதி. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வரும். நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவு. போனில் கண்ணாடி மாதிரித் தெரியும். 12 அங்குலத்துக்குப் பிரிண்ட் போட 3600 பிக்சல் வேண்டும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காது. கூகுளில் இருக்கிறது என்று விட்டுவிடவும் வேண்டாம். இரண்டு வருடம் திறக்காத கணக்கை அவர்கள் நீக்கிவிடலாம். அப்புறம், கடவுச்சீட்டுப் படத்தை இப்போது பதிவுபெற்ற ஸ்ரூடியோவே இணையவழியாகக் குடிவரவுத் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுகிறது, உங்கள் கைக்கு வருவது ஒரு துண்டுச்சீட்டுத்தான். முன்பு மிஞ்சிய கொப்பிகள் லாச்சிக்குள் கிடந்தன; பல வீடுகளில் கடைசியில் எஞ்சியது அதுதான். ஆகவே ஒரு பிரிண்ட் கேட்டு வாங்குங்கள்.

மெமரி காட்டில் அழித்த படம் உடனே அழிவதில்லை. அதன்மேல் வேறு படம் எழுதப்படும் வரை உள்ளே கிடக்கும். தவறி அழித்துவிட்டால் அந்தக் காட்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் கழற்றி வையுங்கள், பெரும்பாலும் மீட்கலாம். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பழைய மெமரி காட்டை விற்கும்போதும் கொம்பியூட்டரைத் திருத்தக் கொடுக்கும்போதும், அழித்துவிட்டோம் என்று நினைத்த அடுத்த வீட்டுப் பிள்ளையின் சாமத்திய வீட்டுப் (பூப்புனித நீராட்டு விழா) படங்களும் கூடவே போகின்றன.

அந்தப் படங்களைப் பற்றிச் சண்டை பிடித்தே சில நண்பர்களை இழந்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் படத்தை விளம்பரத்துக்காகப் பேஸ்புக்கில் போடுகிறோம். தாய் தகப்பன் 'ஓம்' என்றால் போதும் என்கிறார்கள். ஒரு தடவை நானும் அப்படிப் போட்டேன். நான்காம் நாள் அந்தப் பிள்ளையே கடைக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் பொடியன்கள் போனில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள் என்றாள். என் பேஸ்புக் பக்கத்திலிருந்து அதை நீக்கிவிட்டேன். அவர்களுடைய போன்களிலிருந்து என்னால் நீக்க முடியவில்லை. அதன் பிறகு ஒரு பிள்ளையின் படமும் போட்டதில்லை. அதனால் எனக்கு வேலை குறைந்தது உண்மை.

போன ஆவணியில் அந்த வெள்ளத்து அம்மா மறுபடி வந்தார், பேத்தியின் பிறந்தநாளுக்குப் படம் எடுக்க. விலை பேசவில்லை. பில்லில் இருந்த அந்த வரியை மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"எத்தினை இடத்திலை வைப்பியள்?"

"மூண்டு இடத்திலை அம்மா. ஒண்டு வவுனியாவிலை."

"வவுனியாவிலை எவடத்தை? வெள்ளம் ஏறுற இடமோ?"

அன்றிரவே மச்சானுக்கு போன் எடுத்தேன். டிஸ்க்கை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். கட்டிலுக்குக் கீழே என்றான்.