மீட்பு வேண்டாம், மீட்சி போதும்

போன வாரம் சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற ஆட்டோவின் முதுகில் இப்படி எழுதியிருந்தது: 'குடிபோதை மீட்பு. நோயாளிக்குத் தெரியாமலேயே வீட்டிற்கு வந்து அழைத்துச் செல்லப்படும்.' பச்சை விழும்வரை அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எது அழைத்துச் செல்லப்படும்? மனிதர் என்றால் 'செல்லப்படுவார்' அல்லவா? பார்சல்தான் எடுத்துச் செல்லப்படும். அந்த வாக்கியத்தை எழுதியவருக்கு இலக்கணம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் 'மீட்பு' என்று தொடங்கினால் வாக்கியம் அங்கேதான் போய் முடியும்.

ஆங்கிலத்தில் 'ரிகவரி' என்கிற சொல்லுக்குத்தான் இந்த மீட்பு. இலத்தீன் 'ரெகுபெராரே', பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இழந்ததைத் திரும்பப் பெறுதல் என்பது அடிப்படைப் பொருள். வங்கி கடனை வசூலித்தாலும் ரிகவரிதான், காய்ச்சல்காரர் எழுந்து உட்கார்ந்தாலும் ரிகவரிதான். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறது. தமிழ் அப்படி வைக்கவில்லை, பிரித்து வைத்திருக்கிறது. அதைத்தான் நாம் கலைத்துக்கொண்டிருக்கிறோம்.

மீள் என்பது தன்வினை. மீண்டான், மீள்கிறான், தொழிற்பெயர் மீட்சி. நீள் என்பதிலிருந்து நீட்சி வருகிற மாதிரி. இதன் பிறவினை மீட்டான், மீட்கிறான். அதன் தொழிற்பெயர் மீட்பு. மீள்கிறவர் தானே திரும்பி வருகிறார். மீட்கப்படுவதை வேறொருவர் போய் எடுத்து வருகிறார். அடகுக் கடையில் கிடக்கும் நகை, ஆக்கிரமிப்பில் இருக்கும் கோயில் நிலம், கிணற்றில் விழுந்த ஆடு எல்லாம் மீட்புக்கு உரியவை. செய்தித்தாளில் தினமும் வரும் தலைப்பு 'சடலம் மீட்பு'. அந்த வரிசையில் குடும்பம் குட்டியோடு இருக்கிற ஒரு மனிதரையும் கொண்டுபோய் வைக்கிறோம்.

சொல்லைச் சேர்த்த விதமும் சரியில்லை. நகை மீட்பு என்றால் நகையை மீட்பது. நில மீட்பு என்றால் நிலத்தை மீட்பது. அப்படியென்றால் போதை மீட்பு? தெளிந்துபோன போதையைத் திரும்பக் கொண்டுவருவதா? அதற்கு மையம் எதற்கு, டாஸ்மாக்கே போதுமே. 'சிறைமீட்டான் என்றால் சிறையிலிருந்து மீட்டான் என்றுதானே பொருள், போதையிலிருந்து மீட்பு என்று விரித்துக்கொள்' என்று தமிழாசிரியர் நண்பர் ஒருவர் மடக்கினார். விரிக்கலாம்தான். ஆனால் சீதையைச் சிறை மீட்ட கதையிலேயே அயோத்திக்குத் திரும்பி வரும் பகுதிக்குக் கம்பராமாயணத்தில் மீட்சிப் படலம் என்றுதான் பெயர். அவர் விடவில்லை. வில்லிபாரதத்தில் நிரை மீட்சிச் சருக்கம் இருக்கிறதே, பசுக்களை அர்ச்சுனன்தானே மீட்டான் என்றார். அது உண்மைதான், பழைய புலவர்கள் என் கட்சிக்கு முழுதாக வரவில்லை. பசுக்கள் மீண்டன என்று நான் சமாளித்தேன். அவர் சிரித்துவிட்டு டீ சொன்னார்.

சரி, ஒரு சொல்லுக்கு இவ்வளவு சண்டை எதற்கு? சொல்லைப் பார்த்துத்தான் செயல் நடக்கிறது, அதனால்தான். குடும்பம் போன் செய்தால் போதும், வேன் வரும், நான்கு பேர் இறங்குவார்கள், ஆளைத் தூக்குவார்கள். இதற்கு மையங்களில் 'பிக்கப்' என்று பெயர். சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளும் மனநோய் என்பதற்குள் வருகின்றன. கூடுமானவரை நோயாளி தன் சம்மதத்தோடு சேர வேண்டும் என்பதே அதன் போக்கு. முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை மற்றவர் சேர்ப்பதென்றால், மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்; அதுவும் முதலில் 30 நாள் வரைதான். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலும் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவு வைத்திருந்து சிக்கிய போதை நோயாளி தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும். தானாக முன்வந்து என்கிறது சட்டம். தன்வினை!

மீட்புக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரியும், ஆள் குழறுவார். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. அப்போது யாராவது தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடத்தான் வேண்டும். அந்தச் சில நாட்களை மீட்பு என்று தாராளமாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு இருக்கும் முப்பது வருடத்துக்கு என்ன பெயர்?

அச்சகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார். குடியை விட்டு 11 வருடம் ஆகிறது, இன்னும் சனிக்கிழமை ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்கிற குடிநோயாளிகள் கூட்டத்துக்குப் போகிறார், இன்னும் தன்னைக் 'குடிநோயாளி' என்றே சொல்லிக்கொள்கிறார். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரனில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியதிலிருந்து அந்த இயக்கத்தின் பழக்கம் அது. முடிந்துவிட்டது என்று சொல்வதில்லை. "மூணு தடவை என்னை மீட்டாங்க தம்பி. மூணு தடவையும் வெளிய வந்த அன்னிக்கே கடைக்குப் போயிட்டேன்" என்றார். நான்காவது தடவை என்ன ஆச்சு என்று கேட்டேன். "நானே பஸ் ஏறிப் போனேன். டிக்கெட்டை ரொம்ப நாள் வெச்சிருந்தேன்." போதைச் சிகிச்சையையும் மனநலத்தையும் கவனிக்கும் அமெரிக்க அரசின் சாம்சா அமைப்பு 2011இல் ரிகவரிக்கு ஒரு வரையறை வகுத்தது. அதிலும் இது ஒரு மாற்றப் போக்கு, தன் வாழ்க்கையைத் தானே நடத்துவது என்றுதான் வருகிறது. ஊர்ப் பேச்சில் ஏற்கனவே 'அதுலேர்ந்து மீண்டு வந்துட்டான்' என்றுதானே சொல்கிறோம்? மைய போர்டு எழுதுகிறவருக்கு மட்டும் இது கேட்பதில்லை. மீண்டு வந்தான், மீண்டும் குடித்தான். ஒரு மகரமெய்தான் வித்தியாசம்; குடிநோயாளி வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.

மறுவாழ்வு என்று சொல்லலாமே என்பார்கள். அது வேறு ஆங்கிலச் சொல்லுக்கு, ரிஹாபிலிடேஷனுக்கு உரியது. அது ஏற்கனவே நிறையச் சுமக்கிறது. தமிழக அரசு 2021இல் இலங்கை அகதிகள் முகாமை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. இலங்கையிலோ போருக்குப் பின் முன்னாள் போராளிகளை அனுப்பியதும் புனர்வாழ்வு, போதைக்காரர்களைக் கந்தக்காடு முகாமுக்கு அனுப்புவதும் புனர்வாழ்வு. குணமடைதல் என்றால் முடிந்த கதை. திருந்துதல் என்றால் திருட்டுப் பட்டம்.

மொழிபெயர்ப்பாளர்களை நினைத்தால்தான் எரிச்சல். 'சப்ஸ்டன்ஸ் யூஸ் டிஸார்டர்' என்பதைப் 'பொருள் பயன்பாட்டுக் கோளாறு' என்று ஒரு கையேட்டில் பார்த்தேன். அரிசி பருப்பைத் தப்பாகப் பயன்படுத்துகிற வியாதி என்றுதான் என் அம்மா நினைப்பார். போதை நோய் என்ற இரண்டு சொல்லில் முடிந்திருக்கும். அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற வேலைக்குப் பெயர் மொழிபெயர்ப்பா?

இவ்வளவும் எழுத வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மையத்தின் துண்டறிக்கைக்கு மெய்ப்புப் பார்த்தேன். ஏழு இடத்தில் மீட்பு. ஏழிலும் பு-வை அடித்துச் சி போட்டேன். 'மீட்சின்னா ஜனங்களுக்குப் புரியாது சார்' என்று இரண்டாவது மெய்ப்பில் ஏழும் பழையபடி திரும்பி வந்தன. கூடவே எட்டாவதாக ஒன்று: 'உங்கள் கணவரை மீட்க இன்றே அழையுங்கள்.' எட்டையும் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.