சொத்தை விக்காதேன்னு கோர்ட் சொல்லியும் வித்துட்டாரா? கன்டெம்ப்ட் (கோர்ட் அவமதிப்பு கேஸ்) போட ஓடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நான் வக்கீல் இல்லை. வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்தவன், குடும்ப நல கோர்ட் வராண்டாவுல நின்னே பாதி ஆயுசு போச்சு. அங்க அடிக்கடி காதுல விழற பேச்சு ஒண்ணு, "ஆர்டர் என் கையில இருக்கு சார், அவர் மதிக்கவே மாட்டேங்கறார், கன்டெம்ப்ட் போட்டா உள்ள போயிடுவார்ல?" அவ்வளவு சுலபமா போக மாட்டார். ஏன்னு சொல்றதுக்குத்தான் இவ்வளவும் எழுதறேன்.

ஒரு அக்கா மஞ்சப்பை நிறைய பேப்பரோட வந்தாங்க. வீடு புருஷன் பேர்ல, ஆனா அதுல அவங்க நகையை வித்த காசும் பிஎஃப் காசும் இருக்கு. டிவோர்ஸ் கேஸ் நடக்கறப்பவே வீட்டுல பங்கு கேட்டு தனியா ஓபி, அதாவது ஒரு மெயின் மனு போட்டு, வீட்டை விக்கக்கூடாதுன்னு இடைக்காலத் தடையும் வாங்கிட்டாங்க. மனுஷன் நாலே மாசத்துல வீட்டை தன்னோட அம்மா பேருக்கு செட்டில்மென்ட், அதாவது காசு வாங்காம குடுக்கற பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டார். இந்தம்மா முதல்ல ஸ்டேஷனுக்கு போனாங்க, "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்கு போங்க"ன்னாங்க. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு குடுத்தாங்க, அந்த மனு சுத்திச் சுத்தி திரும்ப அதே ஸ்டேஷனுக்கே வந்துச்சு. அப்புறம் ஒரு லீகல் நோட்டீஸ், அதுக்கு பதில் வரும்னு ரெண்டு மாசம், யாரோ சொந்தக்காரங்க பேசி முடிக்கறேன்னு சொல்லி இன்னும் நாலு மாசம். கடைசியா கன்டெம்ப்ட் போடலாம்னு ஹைகோர்ட் வக்கீல்கிட்ட போனப்ப பத்திரம் பதிவாகி ஒரு வருஷம் ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு.

நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 1971, பிரிவு 20. அவமதிப்பு நடந்த நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள வந்தாகணும். தொடர்ந்து நடக்கற தப்புன்னு வாதாடிப் பார்க்கலாம், ஆனா ஒரு தடவை பத்திரம் பதிவானது தொடர்ந்து நடக்கற தப்பான்னு எதிர்த்தரப்பு கேட்டா பதில் சொல்றது கஷ்டம். அதை நம்பி உக்காராதீங்க. நீங்க ஸ்டேஷனுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் அலைஞ்ச நாளை யாரும் கழிச்சுக் குடுக்க மாட்டாங்க.

சட்டத்தைப் பத்தி ரொம்ப நீட்டலை. கோர்ட் ஆர்டரையோ, கோர்ட்டுக்கு குடுத்த உறுதிமொழியையோ வேணும்னே மீறினா அது சிவில் அவமதிப்பு. அதிகபட்சம் ஆறு மாசம் சாதாரண சிறை, இல்லைன்னா 2000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ரெண்டும். மனசார மன்னிப்பு கேட்டா விட்டுடவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. ஹெல்மெட் போடாம போனா ஆயிரம் ரூபாய், ஒரு பொம்பளையோட வீட்டையே காலி பண்ணினா ரெண்டாயிரம், 1971ல போட்ட தொகை அப்படியே உக்காந்திருக்கு.

இன்னொரு தப்புக் கணக்கையும் இப்பவே சொல்லிடறேன். டிவோர்ஸ் ஆனா புருஷன் சொத்துல பாதி தானா வந்துடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. நம்ம ஊர்ல அப்படி ஒரு சட்டம் கிடையாது. 2023 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட் ஒரு தீர்ப்புல வீட்டைப் பார்த்துக்கிட்ட மனைவியோட உழைப்பும் சொத்து வாங்கறதுல பங்குதான்னு சொல்லி சம பாதி குடுத்துச்சு, நல்ல தீர்ப்பு, ஆனா அதைக் காட்டி நீங்களும் கேஸ் போட்டு நிரூபிச்சாத்தான். அதனால வெறும் டிவோர்ஸ் ஓபி மட்டும் போட்டுட்டு அதுலயே சொத்துக்கு தடை கேக்காதீங்க. சொத்துல உங்க உரிமையைக் கேட்டு மெயின் கேஸ் இருக்கணும், குடும்ப நல கோர்ட்லயே போடலாம், அதுலதான் தடை மனு நிக்கும்.

அந்த அக்கா கதைக்கு வரேன். ஒரு வருஷம் தாண்டினது ஒரு அடி. ஆர்டர் காப்பியை வாங்கிப் படிச்சா அதைவிட பெரிய அடி. "அடுத்த வாய்தா வரை இடைக்காலத் தடை"ன்னு எழுதியிருந்துச்சு. அடுத்த வாய்தாவுக்கு ஜட்ஜ் லீவு, அதுக்கடுத்த வாய்தாவுல எதிர்த்தரப்பு கவுன்ட்டருக்கு, அதாவது பதில் மனு போட, டைம் கேட்டாங்க, தடையை நீட்டிக்கச் சொல்லி நம்ம பக்கம் யாரும் வாயைத் திறக்கலை. ஆக, பத்திரம் பதிவான அன்னைக்கு தடையே உயிரோட இல்லை. இல்லாத ஆர்டரை எப்படி அவமதிக்க முடியும்? அவங்க அழுததை விட, வக்கீல் "ஓ அப்படியா"ன்னு சொன்னதுதான் எனக்கு இன்னும் மறக்கலை.

இதை மட்டும் மனசுல ஆணி அடிச்சு வெச்சுக்கங்க. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தடை நீட்டிப்பு ஆச்சான்னு அன்னைக்கு சாயங்காலமே பாருங்க. இ-கோர்ட்ஸ் ஆப்ல உங்க கேஸோட சிஎன்ஆர் நம்பரை (கேஸோட அடையாள நம்பர்) போட்டா அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு வரும், அங்க தெளிவா இல்லைன்னா பெஞ்ச் கிளார்க்கிட்ட கேளுங்க, எரிஞ்சு விழுவார், விழட்டும். வக்கீல் "எல்லாம் எக்ஸ்டெண்ட் ஆயிடுச்சும்மா"ன்னு போன்ல சொல்றதை நம்பி தூங்காதீங்க.

அடுத்த பொறி. எதிர்த்தரப்பு இல்லாமலே தடை கிடைச்சா, அந்த ஆர்டர், மனு, அஃபிடவிட், டாக்குமெண்ட் எல்லாத்தோட நகலையும் உடனே அவருக்கு அனுப்பணும், அன்னைக்கோ மறுநாளோ அனுப்பிட்டேன்னு கோர்ட்ல அஃபிடவிட் போடணும். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 39, ரூல் 3. இதைச் செய்யாம விட்டா அதையே காரணமாக் காட்டி தடையை உடைப்பாங்க. அதைவிட முக்கியம், பின்னாடி அவர் சொல்லப்போற முதல் பொய்யே "எனக்கு ஆர்டர் தெரியவே தெரியாது சார்"தான். அவருக்குத் தெரியும்னு நீங்கதான் காட்டணும். அதனால பதிவுத் தபால்ல அனுப்பி அக்னாலெட்ஜ்மென்ட் கார்டை பத்திரமா வைங்க, வாட்ஸ்ஆப்லயும் அனுப்பி புளூ டிக் வந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அவர் வக்கீல்கிட்டயும் ஒரு காப்பி குடுத்து கையெழுத்து வாங்குங்க.

சார்பதிவாளர் ஆபீஸுக்கும் ஒரு காப்பி போகணும். கோர்ட்ல இருந்து தானா போயிடும்னு நினைக்காதீங்க, போகாது. சர்வே நம்பர், டோர் நம்பர், முந்தைய பத்திர நம்பர் எல்லாம் எழுதி சர்டிஃபைட் காப்பியோட நேர்ல குடுங்க. "நாங்க பார்ட்டி இல்லையே, எங்க பேர் ஆர்டர்ல இல்லையே"ன்னு தள்ளி விடுவாங்க, வாங்கவே மாட்டேன்னும் சொல்லுவாங்க, அப்ப தபால்ல அனுப்பிட்டு வந்துடுங்க, சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீங்க. பேங்க் லாக்கர், ஜாயின்ட் டெபாசிட் இருந்தா பிராஞ்ச் மேனேஜருக்கும் இதே மாதிரி. தபால் போய் சேர்ந்த அத்தாட்சி இருந்தா அப்புறம் அவங்களும் தெரியாதுன்னு சொல்ல முடியாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வில்லங்கம் போட்டுப் பாருங்க, இப்ப ஆன்லைன்லயே பார்க்கலாம். பத்திரம் பதிவாகி பத்து மாசம் கழிச்சு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித் தெரியறதெல்லாம் ரொம்பக் கொடுமை.

சரி, தடை உயிரோட இருக்கு, அவருக்குத் தெரியும், ஆனாலும் மீறிட்டார். இப்ப எங்க போறது? நிறைய பேர் தப்பான கதவைத் தட்டறது இங்கதான். குடும்ப நல கோர்ட் போட்ட தடையை மீறினதுக்கு நேரா ஹைகோர்ட்ல கன்டெம்ப்ட் போட்டா, "ஆர்டர் 39 ரூல் 2ஏ இருக்கே, கீழ் கோர்ட்டுக்கே போங்க"ன்னு திருப்பி அனுப்பறது சர்வ சாதாரணம். கேஸ் நம்பர் ஆகவே சில மாசம், லிஸ்ட்ல வர சில மாசம், கடைசில இந்த பதில். தடை போட்ட அதே கோர்ட்ல 2ஏ மனு போடுங்க. அதுல அவரோட சொத்தை அட்டாச், அதாவது ஜப்தி பண்ணலாம், மூணு மாசம் வரைக்கும் சிவில் சிறையும் போடலாம். பேருக்கு சின்னதா தெரியும், ஆனா சொத்து அட்டாச் ஆனாத்தான் சில பேருக்கு காது கேக்கும். ஹைகோர்ட் போறதுதான் சரின்னு வக்கீல் சொன்னா ஏன்னு காரணம் கேளுங்க, ஒரு வருஷக் கெடு என்னைக்கு முடியுதுன்னு தேதியை எழுதி வாங்குங்க. எந்த ஹைகோர்ட்ங்கறதையும் பாருங்க, தஞ்சாவூர் கேஸ் மதுரைக் கிளைக்கு, பக்கத்துல இருக்கற திருவாரூர் கேஸ் சென்னைக்கு. இது தெரியாம ராத்திரி பஸ் பிடிச்சு சென்னை ஹைகோர்ட் இருக்கற பாரிமுனை வந்து இறங்கினவங்களை பார்த்திருக்கேன்.

பணம் குடுக்கச் சொன்ன ஆர்டர்னா கதை வேற. டிவோர்ஸ் கேஸ்ல போட்ட ஜீவனாம்சமோ மொத்தத் தொகையோ கட்டலைன்னா அதுக்கு நிறைவேற்று மனு, அதாவது இபிதான் போடணும். கன்டெம்ப்ட்னு போனா "இருக்கற வழியை விட்டுட்டு ஏன் இங்க வந்தீங்க"ன்னு கேப்பாங்க. இபியில அரெஸ்ட் கேட்டா அவரை ஜெயில்ல வைக்கற சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே நீங்கதான் கட்டணும், இதைக் கேட்டு சிரிச்சவங்களும் உண்டு, எழுந்து போனவங்களும் உண்டு. அதோட, நிஜமாவே கையில காசு இல்லாதவரை வேணும்னே மீறினார்னு சொல்ல முடியாது, அதனால அவர் சம்பளம், வண்டி, ஃபேஸ்புக்ல போட்ட டூர் போட்டோ எல்லாத்தையும் இப்பவே சேர்த்து வைங்க.

பல பேருக்கு தெரியாத ஒரு குறுக்கு வழியும் இருக்கு. குடும்ப வன்முறை தடுப்புச் சட்டம் 2005, பிரிவு 18. அதுல பாதுகாப்பு உத்தரவு கேக்கறப்ப சொத்தை விக்கக்கூடாது, பேங்க் லாக்கரைத் திறக்கக்கூடாது, உங்க சீர்வரிசை நகையைத் தொடக்கூடாதுன்னு சேர்த்துக் கேக்கலாம். அதை மீறினா அதுவே கிரிமினல் குற்றம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 20,000 ரூபாய் வரைக்கும் அபராதம், ஸ்டேஷன்லயே ஜாமீன்ல விட முடியாத பிரிவு. "சிவில் மேட்டர்"னு ஸ்டேஷன்ல கைகழுவ முடியாது. ஆனா இங்கயும் ஒரு பொறி, வீட்டை விக்கத் தடையை பிரிவு 19ல வசிப்பிட உத்தரவா மட்டும் வாங்கினா, அதை மீறினதுக்கு இந்தத் தண்டனை வருமான்னே வாதாடுவாங்க. மனு எழுதறப்பவே 18, 19 ரெண்டையும் போடச் சொல்லுங்க.

பேசி முடிச்சு பரஸ்பர சம்மதத்துல டிவோர்ஸ் வாங்கறவங்க கவனிங்க. "ஃபிளாட்டை இவங்க பேருக்கு எழுதித் தரேன்"னு மீடியேஷன்ல கையெழுத்து போட்டுட்டு டிவோர்ஸ் கைக்கு வந்ததும் போனையே எடுக்காத ஆளுங்க நிறைய. முடிஞ்சா ஃபைனல் ஆர்டருக்கு முன்னாடியே பத்திரத்தை ரிஜிஸ்டர் பண்ண வைங்க. டிவோர்ஸுக்கு அப்புறம்னா நீங்க அவருக்கு மனைவி இல்லை, குடும்பத்துக்குள்ள எழுதற செட்டில்மென்ட்டுக்கான குறைஞ்ச கட்டணம் உங்களுக்கு கிடையாதுன்னு ரிஜிஸ்டர் ஆபீஸ்லயே மடக்குவாங்க. முன்னாடி முடியலைன்னா, வெறும் ஒப்பந்தமா விடாம, "இன்ன தேதிக்குள்ள எழுதித் தருவேன்னு இந்த கோர்ட்டுக்கு உறுதி அளிக்கிறேன்"னு அவர் சொன்னது ஆர்டர்லயே பதிவாகணும். தேதி இல்லாத உறுதிமொழியை அவர் எப்ப மீறினார்னு யாராலயும் சொல்ல முடியாது. கன்டெம்ப்ட் நிஜமா கடிக்கிற இடம்னா அது கோர்ட்டுக்கே குடுத்த வாக்கை மீறற இடம்தான்.

ஆர்டர்ல என்ன எழுதியிருக்கோ அதுக்கு மேல ஒரு வார்த்தையும் கன்டெம்ப்ட்ல கிடைக்காது. "தற்போதைய நிலை தொடரணும்"னு மொட்டையா ஒரு ஆர்டர் வாங்கிட்டு சந்தோஷப்படாதீங்க, எந்த தேதி நிலை, யார் கையில சாவி, விக்கறது மட்டும் கூடாதா, அடமானம், பவர், செட்டில்மென்ட் எதுவும் கூடாதான்னு தெளிவா எழுதச் சொல்லுங்க. "விற்கக்கூடாது"ன்னு மட்டும் இருந்தா, "நான் விக்கலையே, எங்கம்மாவுக்கு தானமாத்தானே எழுதினேன்"னு கூசாம சொல்லுவாங்க, காதால கேட்டிருக்கேன். அதே மாதிரி "அப்பீல் போட்டுட்டேன், அதனால ஆர்டர் செல்லாது"ன்னு மிரட்டினா நம்பாதீங்க, அப்பீல் போட்டா மட்டும் ஸ்டே ஆகாது, ஸ்டே ஆர்டரைக் காட்டச் சொல்லுங்க.

உங்க பக்கமும் சுத்தமா இருக்கணும். குழந்தையை ஞாயித்துக்கிழமை காட்டச் சொன்ன ஆர்டரை கோபத்துல மீறிட்டு, அந்தப் பக்கம் சொத்து ஆர்டரை மீறினதுக்கு மனு போட்டா, ஜட்ஜ் முதல்ல உங்களைத்தான் கேப்பார்.

வக்கீலுக்கு குடுக்க காசு இல்லைன்னா கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, இலவசம். வருமானச் சான்று கொண்டு வான்னு அலைய விட்டா 15100க்கு போன் பண்ணுங்க.

அந்த அக்கா கேஸ் இன்னும் ஓடுது. கன்டெம்ப்ட் போச்சு, ஆனா பங்கு கேட்ட கேஸ் நடக்கறப்ப எழுதின பத்திரம்ங்கறதால சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 52 படி அது அந்தத் தீர்ப்புக்கு கட்டுப்பட்டதுதான், அந்த ஒரு பிடி இருக்கு. மாமியாரையும் பார்ட்டியா சேர்க்க ஐஏ (கேஸுக்கு நடுவுல போடற மனு) போட்டு பேட்டாவும் (நோட்டீஸ் அனுப்பற கட்டணம்) கட்டியாச்சு. நோட்டீஸ் ரெண்டு தடவை "வீடு பூட்டியிருந்தது"ன்னு திரும்பி வந்துருச்சு. ரெண்டு நாளும் அதே வீட்டு மொட்டை மாடியில புடவை காயறதை அந்த அக்கா தேதியோட போட்டோ எடுத்து மஞ்சப்பையில வெச்சிருக்காங்க.