ஆய்வுக்குப் பேட்டி கேட்டு வருகிறார்களா? கையெழுத்துக்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

கையில் கோப்பும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இரண்டு பேர் வாசலில் நிற்கிறார்கள். மகப்பேறு பற்றியோ சர்க்கரை நோய் பற்றியோ ஆய்வு என்கிறார்கள். பேச்சைத் தொடங்கும் முன்பே ஒரு தாளை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்து" என்றால், அங்கேயே வரிசை தப்பிவிட்டது. விளக்கம் முதலில் வர வேண்டும், கையெழுத்து கடைசியில்.

பதில் சொல்லியே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு; 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குப் பதில் சொல்வது கடமை. ஆய்வுப் பேட்டிக்கு மறுக்கலாம், பிடிக்காத கேள்வியைத் தாண்டிப் போகச் சொல்லலாம், பாதியில் எழுந்தும் போகலாம். அதற்காக மருத்துவமனையில் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை குறையக் கூடாது. மருந்து எழுதித் தரும் மருத்துவரே ஆய்வுக்கும் அழைத்தால் மறுக்க வாய் வராது என்பது உண்மைதான். அதனால்தான் இந்த உறுதிமொழி தாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இருக்கின்றன. ஊசியோ மருந்தோ இல்லாமல் வெறும் பேச்சாக நடக்கும் சுகாதார ஆய்வுகளும் இவற்றுக்குள் வரும். ஆய்வைத் தொடங்கும் முன், அதை நடத்தும் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். குழுவில் 7 முதல் 15 பேர். பாதிப் பேராவது வெளியாட்கள், தலைவரும் வெளியிலிருந்தே. சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர் ஆகியோருடன், துறைக்குச் சம்பந்தமில்லாத சாதாரணக் குடிமகனும் ஒருவர் இருப்பார். ஆய்வை உங்களுக்கு விளக்கும் தகவல் தாளைப் படித்துவிட்டு "இது எனக்கே புரியவில்லையே" என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். தமிழில் வரும் சில தாள்களைப் பார்த்தால், அவர் அன்றைக்கு விடுப்பில் இருந்தாரோ என்று தோன்றும்.

"சாதாரணக் கேள்விகள்தானே, அனுமதி எதற்கு?" என்று ஆய்வாளரே முடிவு செய்துகொள்ள முடியாது. ஆபத்து மிகக் குறைவான ஆய்வுகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கைத் தர வேண்டியதும் குழுதான்.

ஊர்த்தலைவர் சம்மதித்துவிட்டார் என்பது உங்கள் சம்மதம் ஆகாது. அவர் ஊருக்குள் வர வழிவிடலாம், உங்களுக்காகத் தலையாட்ட முடியாது. படிக்கத் தெரியாதவருக்குத் தாளை முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும். ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக இருந்து கையெழுத்திட, படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். 7 வயதைத் தாண்டிய பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். 12 வயதிலிருந்து அதை எழுத்திலேயே வாங்க வேண்டும்.

பேச்சைப் பதிவு செய்யப் போகிறார்களா, பதிவை யார் கேட்பார்கள், பெயரை மறைப்பார்களா என்று தயங்காமல் கேளுங்கள். போக்குவரத்துச் செலவும் இழந்த கூலியும் தரலாம்; மறுக்க முடியாத அளவுக்குப் பணத்தைக் காட்டி இழுக்கக் கூடாது.

தகவல் தாளின் பிரதி ஒன்று உங்கள் கையில் தங்க வேண்டும். அதில் ஆய்வாளரின் எண்ணோடு நெறிமுறைக் குழு உறுப்பினர் செயலரின் எண்ணும் இருக்கும். ஆய்வாளர் மீதே புகார் என்றால் அழைக்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை.