ஒருவர் வராவிட்டால் இருவர் உட்கார வேண்டும்

நவராத்திரிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பின்னல் கோலாட்டத்துக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் முந்துகிறார்கள். மேலே ஒரு வளையத்தில் கட்டிய 12 கயிறு, ஆளுக்கு ஒன்றைப் பிடித்துச் சுற்றியாடிப் பின்னவும் பிறகு பிரிக்கவும் 12 பேர். மூன்றாவது வாரம் ஒத்திகையில் பார்த்தால் 9 பேர்தான் நிற்கிறார்கள். மற்றவர்களிடமிருந்து வாட்ஸாப்பில் செய்தி வருகிறது: "நீங்க நடத்துங்க, எனக்கு ஸ்டெப் எல்லாம் தெரியும், வீடியோ பார்த்து முந்தின நாள் வந்துடறேன்." தெருக் குழுவோ, குடியிருப்புக் குழுவோ, கோயில் குழுவோ, எங்கே பயிற்சி கொடுத்தாலும் இதே நிலைமை. இனியும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கும்மியில் ஒருவர் குறைந்தால் வட்டத்தைச் சற்றுச் சுருக்கி அடித்துவிடலாம். பின்னல் கோலாட்டத்தில் அது நடக்காது. 6 பேர் வலமாகச் சுற்ற, 6 பேர் இடமாகச் சுற்ற, எதிரெதிரே வருகிற இருவர் கோல் தட்டி, ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயுமாக விலகிப் போனால்தான் மேலே பின்னல் விழும். ஒருவர் வரவில்லை என்றால் அவருடைய சோடிக்கு எதிரே ஆள் இல்லை. ஒரே வழிதான்: இரண்டு கயிறுகளையும் அவிழ்த்துவிட்டு, வந்திருக்கும் அந்தச் சோடியையும் உட்காரவைக்க வேண்டும். ஒரு நாள் விடாமல் வந்தவர், சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு வந்து, மேடைக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிறார். "நான் ஒருத்திதானே வரலை" என்று சொல்பவர்கள் அந்த முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். அதோடும் முடியவில்லை. வளையத்தில் கயிறுகளுக்கு இடையே விழுந்த இடைவெளியைச் சரிசெய்ய மீதி 10 கயிறுகளையும் அவிழ்த்து மறுபடி சமமாகக் கட்ட வேண்டும்.

இப்போது அந்த வீடியோ விஷயத்துக்கு வருவோம். ஒத்திகை என்றால் ஸ்டெப் கற்றுக்கொள்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இதில் ஸ்டெப் மிகவும் எளிது. அரைமணி நேரத்தில் வந்துவிடும். மீதி அத்தனை ஒத்திகையும் மற்ற 11 பேருடைய நடைக்கு உங்கள் நடையைப் பொருத்துவதற்கு. 12 பேர் ஆடும்போது ஒரு முழுச் சுற்றுக்குள் ஒவ்வொருவரும் 12 முறை எதிராளியைக் கடக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் சுற்றுக்கு 72 கடப்பு. ஒரு கடப்புக்கு ஒரு தகதிமி, அதாவது 4 அட்சரம் (தாள எண்ணிக்கை). நெட்டையானவர் எட்டி அடி வைத்தால் நாலாவது அட்சரத்துக்கு முன்பே போய் நிற்பார். குட்டையானவர் ஓடி வருவார். முதலாமவர் அடியைக் குறைக்கவும் அடுத்தவர் சற்று நீட்டவும் கால் பழக வேண்டும். உங்கள் எதிரே வருபவர் எவ்வளவு நீளத்துக்கு அடி வைப்பார் என்று எந்த வீடியோ சொல்லும்?

பிரிக்கும் கட்டம் இதைவிட மோசம். பின்னும்போது உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று மாறி மாறிப் போகிறோம். பின்னி முடித்து எல்லாரும் திரும்பியதும் முதலில் எதிர்ப்படுபவர் கடைசியாகக் கடந்த அதே ஆள்தான். கடைசியில் உள்ளே போனவர் இப்போதும் உள்ளேதான் போக வேண்டும். அங்கே மாற்றக்கூடாது, அதற்கடுத்த கடப்பிலிருந்துதான் மறுபடி மாறி மாறி. வீடியோ பார்த்து வந்தவர் இந்த இடத்தில் பழக்கத்தில் வெளியே போவார். அவ்வளவுதான், பின்னல் பிரிவதற்குப் பதிலாக முறுக்கிக்கொள்ளும். பின்னும்போது யாராவது ஒருமுறை தப்பாகக் கடந்திருந்தாலும் கீழே ஒன்றும் தெரியாது. பிரிக்கும்போது அந்த இடத்துக்கு வந்ததும் 12 கயிறும் நின்றுவிடும். மேடையில் அப்படி நின்றால் தயவுசெய்து இழுக்காதீர்கள். இழுத்தால் முடிச்சு இறுகும். கயிற்றை விட்டுவிட்டுக் கும்மியில் முடித்துக்கொள்ளுங்கள்.

கயிறு பற்றியும் கொஞ்சம். வளையம் 10 அடி உயரத்தில் இருந்தால் கயிறு 15 அடி வேண்டும். பருத்தி நாடா நல்லது. சாட்டின் ரிப்பன் படத்துக்கு அழகு, பின்னலில் வழுக்கும். வலச்சுற்றுக்கு ஒரு நிறம், இடச்சுற்றுக்கு ஒரு நிறம் என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மிச்சக் கயிற்றை இடது உள்ளங்கையில் மடித்துப் பிடித்து, பின்னல் இறங்க இறங்க விட்டுக்கொடுங்கள். பிரிக்கும்போது அதே அளவு திரும்ப வாங்குங்கள். மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது கூடவே கூடாது; யாராவது தடுக்கி விழுந்தால் உங்கள் கை சேர்ந்து போகும்.

எல்லாக் கயிற்றிலும் ஒரே இழுப்பு இருக்க வேண்டும். ஒருவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கத் திரும்பினால் அவர் கயிறு தொய்யும், அந்தப் பக்கம் பின்னல் இளகும். "என்னை முன்னாடி நிறுத்துங்க" என்று கேட்பவர்களுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தில் முன்வரிசை ஏது? தீபாவளியை ஒட்டி மண்ணால் பசுவன் என்ற பொம்மை செய்து வைத்துப் பெண்பிள்ளைகள் கோலடித்த கோலாட்ட ஜோத்திரைத் திருவிழாவில் யார் நன்றாக ஆடினார் என்பதா பேச்சு? எல்லா வீட்டுப் பெண்ணும் வந்தாளா என்பதுதான் பேச்சு. குழு சேர்ந்ததே அதற்காக. ரீல்ஸ் எடுக்க ஆசையா, ஒத்திகை முடிந்து எடுங்கள். ஆடும்போது வேண்டாம்.

புதிதாகக் குழு நடத்துகிறவர்கள் முதல் வாரம் கயிற்றையே எடுக்காதீர்கள். சாக்பீஸில் வட்டம் போட்டு வெறுங்கையோடு "உள்ளே, வெளியே" என்று சத்தமாகச் சொல்லியபடி நடக்கவிடுங்கள். வெளியே போகிறவர் கையை உயர்த்த வேண்டும், உள்ளே போகிறவர் தலையைத் தாழ்த்த வேண்டும். கயிறு இல்லாதபோதே இது பழகட்டும். 12 பேருக்கு 2 மாற்று ஆட்கள் கட்டாயம்: வலச்சுற்றுக்கு ஒருவர், இடச்சுற்றுக்கு ஒருவர். ஒரு பக்கம் பழகிய கால் மறுபக்கம் திடீரென்று போகாது. மாற்று ஆளை ஓரமாக உட்காரவைத்து வேடிக்கை பார்க்கவிட்டால் அவர் மாற்று ஆளே இல்லை. மூன்று ஒத்திகைக்கு ஒன்றிலாவது அவரை உள்ளே விடுங்கள். கடைசி இரண்டு வாரம் சோடியை மாற்றாதீர்கள். தாமதமாக வருகிறவருக்காக எல்லாரையும் காக்கவைக்காதீர்கள். மாற்று ஆளோடு நேரத்துக்குத் தொடங்குங்கள்.

முழங்கால் வலி, முதுகு வலி உள்ள அக்காமார் ஆட வேண்டும் என்று ஆசையில் வலியை மறைக்க வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் 6 முறை குனிய வேண்டியிருக்கும். பாட்டுக்கும் ஜால்ராவுக்கும் வாருங்கள். காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், ஓடாமல் பிடித்து நிறுத்த ஒருவர் இல்லாமல் இந்த ஆட்டமே இல்லை. அது ஒதுக்கிவைக்கிற இடம் அல்ல.

வீட்டில் ஆயிரம் இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் வரும், மாமியாருக்கு முடியாமல் போகும், வேலையில் லீவு கிடைக்காது. யாரும் காரணம் கேட்கப் போவதில்லை. வர முடியாது என்று தோன்றினால் இரண்டு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள், மாற்று ஆள் உங்கள் இடத்தில் பழகிக்கொள்வார். அதையும் பொதுக் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு விடாதீர்கள். முதலில் உங்கள் எதிர்ச் சோடிக்குப் போன் செய்து சொல்லுங்கள்.