கேசினோ ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கிணற்றை அளந்துவிடுங்கள்

"ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. சுற்றுச்சூழல் பேப்பர் மட்டும்தான் பாக்கி." கலிபோர்னியாவில் சுற்றுச்சூழல் ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு இப்படித் தொடங்கும் தொலைபேசி அழைப்புகள் பழகிப்போனவை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கவலையாகத்தான் இருக்கிறது. அந்த 'மட்டும்' எத்தனை மாதங்களை விழுங்கும், அதற்கு யார் பணம் கட்டப் போகிறார்கள் என்பது சொல்பவருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்காது. கட்டப் போவது அந்தக் கேசினோவுக்குச் சொந்தக்காரர்களான அமெரிக்கப் பூர்வகுடி மக்கள்தான். இங்கே ஹோட்டல், கட்டுமானம், நிதி என்று இந்தத் துறையை ஒட்டி வேலை செய்யும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்கப் பூர்வகுடிகள் தங்கள் நிலத்தில் நடத்தும் கேசினோக்களுக்கு 1988இல் வந்த இந்தியச் சூதாட்ட ஒழுங்குமுறைச் சட்டம்தான் அடிப்படை. (பெயரில் உள்ள 'இந்திய' என்பது அந்த மக்களைக் குறிப்பது.) தேசிய இந்தியச் சூதாட்ட ஆணையம் அந்தச் சட்டத்தில் பிறந்தது. கேசினோவை நடத்தித் தர வெளி நிறுவனம் ஒன்று வந்தால், அந்த நிர்வாக ஒப்பந்தத்தை ஆணையத்தின் தலைவர் அங்கீகரித்தாக வேண்டும். காலம் 5 ஆண்டு, முதலீடு பெரிது என்றால் 7 வரை. நிறுவனத்தின் கட்டணம் நிகர வருவாயில் 30 சதவீதம், தகுந்த காரணம் காட்டினால் 40 வரை. அங்கீகாரம் இல்லாவிட்டால் அந்த ஒப்பந்தம் செல்லாது.

இங்கேதான் சுற்றுச்சூழல் உள்ளே வருகிறது. தலைவர் போடும் அந்தக் கையெழுத்து மத்திய அரசின் செயல். அதன் விளைவாகக் கட்டடம் எழும்பப் போகிறது என்றால், 1970இல் நிக்சன் கையெழுத்திட்ட தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் பொருந்தும். நாங்கள் பேச்சில் 'நீப்பா' என்போம். ஏற்கெனவே ஓடும் கேசினோவில் நிர்வாகம் மட்டும் கை மாறுகிறது, செங்கல் ஒன்றுகூடப் புதிதாக வைக்கவில்லை என்றால் வேலை சிறியது. கட்டுகிறோம், விரிக்கிறோம் என்றால் சுற்றுச்சூழல் மதிப்பீடு வேண்டும். அதில் பாதிப்பு கணிசமானது என்று தெரிந்தால் முழுத் தாக்க அறிக்கையே தயாரிக்க வேண்டியிருக்கும்.

இப்போது நாள் கணக்கைப் பாருங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான 60 நாளுக்குள் ஆணையத்திடம் போய்ச் சேர வேண்டும். தலைவர் முடிவெடுக்க 180 நாள், தேவைப்பட்டால் இன்னொரு 90. ஆக 270 நாள். ஆனால் நீப்பாவின் 2023 திருத்தம் மதிப்பீட்டுக்கே ஓராண்டும், தாக்க அறிக்கைக்கு இரண்டாண்டும் வரம்பு வைத்திருக்கிறது. 270 நாளுக்குள் ஓராண்டு அடங்காது. ஆகவே கையெழுத்துக்குப் பிறகு தொடங்கினால் முதல் நாளிலேயே பின்தங்கிவிடுகிறோம்.

காலத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. என் அனுபவத்தில் அதிகம் அடிபடுவது அங்கேதான்: எல்லாத் தாள்களும் ஒரே திட்டத்தைப் பேச வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சிறிய பூர்வகுடிச் சமூகத்துக்காக வேலை பார்த்தேன். நிர்வாக ஒப்பந்தத்தில் விளையாட்டுக்கூடமும் உணவகமும் மட்டும் இருந்தன. நாங்களும் அந்த அளவுக்கே நீர்த்தேவை, கழிவுநீர், சாலை நெரிசல் எல்லாம் கணக்கிட்டு மதிப்பீட்டை முடித்தோம். அப்புறம்தான் கடன் ஒப்பந்தம் வெளியே வந்தது. அதில் இரண்டாம் கட்டமாக ஒரு ஹோட்டல். கடனைத் திருப்பும் கணக்கே அந்த ஹோட்டல் அறைகளின் வாடகையை நம்பித்தான் போடப்பட்டிருந்தது. பரிசீலித்த அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். ஒரு திட்டத்தைத் துண்டு போட்டு, சிறியதாகக் காட்டி மதிப்பிடக் கூடாது என்பது நீப்பாவின் பழைய விதி.

எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். ஆழ்துளைக் கிணற்றின் நீரிறைப்புச் சோதனையைக் கோடை முடிவில் செய்தால்தான் அதற்கு அர்த்தம். அரிய தாவரங்களைப் பூக்கும் பருவத்தில்தான் தேட முடியும். இரண்டு பருவமும் கைவிட்டுப் போயிருந்தன. ஒரு வருடம் போனது. அந்த ஒரு வருடத்தின் வட்டியும், ஆலோசகர்களான எங்கள் கட்டணமும் மேம்பாட்டுச் செலவில் ஏறின. மேம்பாட்டுச் செலவில் எவ்வளவு வரை நிறுவனம் திருப்பிக் கேட்கலாம் என்று உச்சவரம்பு வைக்கச் சொல்கிறது சட்டம். ஆனால் அந்த வரம்புக்குள் இருக்கும் தொகையைத் தன் வருவாயிலிருந்து திருப்புவது அந்தச் சமூகம்தான். கடன் தாளை முதல் கூட்டத்திலேயே கேட்காதது என் தவறு. அதை இன்றும் நான் மறக்கவில்லை.

பக்க ஒப்பந்தங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பதற்கு விஸ்கான்சினில் ஒரு வழக்கே இருக்கிறது. லேக் ஆஃப் தி டார்ச்சஸ் என்ற பூர்வகுடி கேசினோ 2008இல் 5 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. முதன்மை அதிகாரிகளை மாற்றுவதற்கும் பெரிய செலவுகளுக்கும் பத்திரதாரர்களின் சம்மதம் வேண்டும் என்பது போன்ற ஷரத்துகள் அந்தப் பத்திர ஒப்பந்தத்தில் இருந்தன. இது நிர்வாக ஒப்பந்தம்தான், அங்கீகாரம் பெறவில்லை, எனவே செல்லாது என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு சுற்றுச்சூழல் பற்றியது அல்ல. ஆனாலும் தலைப்பில் 'ஆலோசனை' என்றோ 'கடன்' என்றோ எழுதிவிட்டால் ஆணையத்தின் பார்வையிலிருந்து தப்பலாம் என்று நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

நேரத்தோடு பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். கலிபோர்னியாவின் சோனோமா மாவட்டத்தில் உள்ள கிரேட்டன் ராஞ்செரியா என்ற பூர்வகுடி மக்கள், ஸ்டேஷன் கேசினோஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2003இல் முதலில் பார்த்த இடம் சான் பாப்லோ விரிகுடாவின் ஓரத்தில் உள்ள சியர்ஸ் பாயிண்ட். ஒரு காலத்தில் சதுப்பாக இருந்த நிலம் அது. எதிர்ப்பு எழுந்ததும் அவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு ரோனர்ட் பார்க் பக்கம் நகர்ந்தார்கள். அங்கே ஆணையமே முன்னின்று தாக்க அறிக்கையைத் தயாரித்தது. 2013 நவம்பரில் கேசினோ திறந்தது. சியர்ஸ் பாயிண்டில் சதுப்பை மீட்க 2015இல் கரையை உடைத்து அலைநீரை மறுபடி உள்ளே விட்டார்கள். இடத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவு தொடக்கத்தில்தான் தாங்கக்கூடியதாக இருக்கும்.

சுற்றுச்சூழல் அறிக்கையை யார் எழுதுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது கேசினோவை நடத்த வரும் நிறுவனம். அதில் தவறில்லை. ஆனால் அறிக்கைக்குப் பொறுப்பு ஆணையத்துடையது. அந்தத் திட்டம் நிறைவேறுவதில் ஆலோசகருக்குத் தனியாக லாபம் ஏதும் இருக்கிறதா என்பதை எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

2025இல் விதிகள் நிறைய மாறின. நீப்பாவுக்கு 1978 முதல் பொது வழிகாட்டியாக இருந்த சுற்றுச்சூழல் தர மன்றத்தின் விதிகள் ரத்தாகின. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம், ஓர் அரசு முகமை எதை எவ்வளவு ஆராய வேண்டும் என்பதில் நீதிமன்றங்கள் அதிகம் தலையிடக் கூடாது என்றது. பழைய மாதிரி ஆவணத்தை நகலெடுப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். "இனி எல்லாம் சுலபம்" என்பவர்களும் மாட்டிக்கொள்வார்கள். தொல்லிடங்களுக்கும் மூதாதையர் இடங்களுக்கும் 1966ஆம் ஆண்டுச் சட்டம், அருகிவரும் உயிரினங்களுக்கு 1973ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டும் அப்படியே இருக்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரித்து ஓடையில் விடுவதென்றால், பழங்குடி நிலத்தில் பொதுவாக மாநில அரசு அல்ல, மத்திய சுற்றுச்சூழல் முகமைதான் அனுமதி தர வேண்டும். அது தனி விண்ணப்பம், அதற்கென்று தனி காலம் பிடிக்கும்.

மதிப்பீட்டின் பக்க வரம்பு இப்போது 75. இணைப்புகள் அதில் சேராது. அதனால் அளவீடுகள் எல்லாம் இணைப்புகளுக்குப் போகின்றன, படிக்காமல் விடப்படுவதும் அவைதான். நான் சொன்ன அந்த மலையடிவார ஊரில் ஒரு பாட்டி, பக்கத்து நிலத்தில் என்ன கட்டப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு முதல் பொதுக்கூட்டத்துக்கே வந்திருந்தார். கையில் ஒரு பள்ளி நோட்டு. தன் கிணற்றில் கயிறு எத்தனை அடி இறங்கியது என்று மாதாமாதம் பென்சிலில் குறித்து வைத்திருந்தார். எங்களுடைய சோதனை ஒரு பருவத்துக்குத்தான். அவருடைய குறிப்பு பதினோரு வருடத்துக்கு. இரண்டாவது முறை எழுதும்போது அந்த நோட்டின் பக்கங்களை அவர் அனுமதியோடு ஸ்கேன் செய்து இணைப்பில் சேர்த்தோம். ஹோட்டலுக்கு எவ்வளவு நீர் எடுக்கலாம் என்ற கணக்கை அந்தப் பக்கங்களிலிருந்துதான் போட்டோம்.