ஆறாவது பிப் ஒலிப்பதற்குள்

பிரிட்டனின் பேச்சு வானொலியான பிபிசி ரேடியோ 4-இல் ஒரே நாளுக்குள் காலைச் செய்தி, பேட்டி, நாடகம், அறிவியல், நகைச்சுவை, கடல் வானிலை எல்லாம் வந்துபோகும். 1967 செப்டம்பர் 30 முதல் ஓடும் நிலையம் அது. நிகழ்ச்சிகளைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த ஒன்றிரண்டு நிமிட மூட்டுகளை யாரும் கவனிப்பதில்லை. நாள் முழுதும் நொடி பிசகாமல் நகர்வது அந்த மூட்டுகளால்தான்.

முதலில் கடிகாரம். மணி முடிவதற்கு முன் 55, 56, 57, 58, 59 ஆகிய நொடிகளில் நேரம் அறிவிக்கும் ஐந்து ‘பிப்’ ஒலிகள், தலா 0.1 நொடி நீளம். ஆறாவது 0.5 நொடி நீளம். அது தொடங்கும் கணம்தான் மணி. முடியும் கணத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருப்பினால் அரை நொடி பிந்திவிடும். ஆறுமே 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி. 1924 பிப்ரவரி 5-இல் இந்த வழக்கம் தொடங்கியபோது எல்லாம் ஒரே நீளமாக இருந்தன. 1972-இல் கடைசி ஒலியை நீட்டினார்கள். உலக நேரத்தில் எப்போதாவது ஒரு நொடியைக் கூட்டும்போது பிப் ஏழாகிவிடும். எண்ணிக்கொண்டிருப்பவருக்கு எது கடைசி என்பதை நீளம் சொல்லிவிடும். 1990 வரை கிரீனிச் வானாய்வகம் இதை அனுப்பியது. அதன்பின் ஜி.பி.எஸ். நேரத்தையும் 60 கிலோஹெர்ட்ஸ் வானொலி நேரக் குறிப்பையும் கொண்டு பிபிசியே உருவாக்குகிறது.

பிப் யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே கணக்கு எப்போதும் பின்னோக்கித்தான். பகல் 12:57-க்கு வானிலை, 1 மணிக்குச் செய்தி என்று வைத்துக்கொள்வோம். முதல் பிப் 12:59:55-இல். அறிவிப்பாளர் 12:59:54-க்குள் வாயை மூடியாக வேண்டும். நிலையத்தின் பெயரையும் அடுத்த நிகழ்ச்சியையும் சொல்ல 6 நொடி. அதை 12:59:48-இல் தொடங்க வேண்டும். அதற்கு முன், வரப்போகும் நிகழ்ச்சிக்கான 30 நொடி முன்னோட்டம் ஒன்று இருந்தால், வானிலை 12:59:18-இல் முடிய வேண்டும். வானிலையாளர் 12:57:10-இல் பேசத் தொடங்கினால் அவருக்குக் கிடைப்பது 2 நிமிடம் 8 நொடி. முந்தைய நிகழ்ச்சி 15 நொடி இழுத்துவிட்டால் 1 நிமிடம் 53 நொடிதான். ஆங்கிலச் செய்தி வாசிப்பில் நொடிக்குச் சுமார் 3 சொற்கள். 15 நொடி என்றால் 45 சொற்கள் போயிற்று. எந்த வாக்கியத்தை விடலாம் என்பதை வானிலையாளர் முன்கூட்டியே குறித்து வைத்திருக்க வேண்டும். பதிவு செய்த முன்னோட்டத்தைச் சுருக்க முடியாது. இழுவை 40 நொடி என்றால் முன்னோட்டத்தை அப்படியே தூக்கிவிடுவதே சரி.

இங்கே அதிகம் நடக்கும் பிழை அறுபதின் கழித்தல். 12:59:18-இலிருந்து 1:53-ஐ மனதுக்குள் கழிக்கும்போது ஒரு நிமிடம் எளிதில் தவறிவிடும். அதனால் “இரண்டு நிமிடம் பேசுங்கள்” என்று சொல்வதைவிட “59:18-இல் முடியுங்கள்” என்று சொல்வது பாதுகாப்பு. எதிரே சுவரில் கடிகாரம் இருக்கிறது, கணக்கே தேவையில்லை.

மாலை 6 மணிக்கும் நள்ளிரவுக்கும் பிப் கிடையாது. லண்டன் நாடாளுமன்றக் கடிகாரக் கோபுரத்தின் பிக் பென் மணியோசை அங்குள்ள மைக்கிலிருந்து நேரடியாக வரும். பழக்கமில்லாதவர் சறுக்கும் இடம் இது. மணியின் முதல் அடிக்குச் சுமார் 20 நொடி முன்பே சிறு மணிகளின் இசை தொடங்கிவிடும். பேச்சை அதற்கும் முன்பே முடிக்க வேண்டும். அந்தக் கடிகாரம் சற்றுப் பிந்தினால் ஊசலின் மேல் ஒரு பழைய பென்னிக் காசு வைப்பார்கள். ஊசலின் நிறைமையம் மயிரிழை உயரும், ஊசல் குட்டையானதுபோல் விரைவாக ஆடும், நாளுக்கு 0.4 நொடி முந்தும்.

மூட்டுகளில் மிக நுட்பமானது நள்ளிரவு தாண்டி 00:48-க்கு வரும் கடல் வானிலை. பிரிட்டனைச் சுற்றி 31 கடற்பகுதிகள், வைக்கிங் என்னும் பகுதியில் தொடங்கி வலஞ்சுழியாக. புயல் எச்சரிக்கை, பொது நிலை, பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் காற்று, வானிலை, பார்வைத் தூரம். ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு: புயல் “உடனடி” என்றால் 6 மணி நேரத்துக்குள், “விரைவில்” என்றால் 6 முதல் 12, “பின்னர்” என்றால் 12 முதல் 24. பார்வை “நன்று” என்றால் 5 கடல் மைலுக்கு மேல். “மிக மோசம்” என்றால் 1,000 மீட்டருக்கும் கீழ். ஆடும் படகில் பென்சிலால் எழுதிக்கொள்பவருக்காக வாசிப்பது இது. நேரமாகிவிட்டதே என்று வேகமாக வாசித்தால் அவருக்கு அது பயன்படாது. இழுவை எதுவாக இருந்தாலும் 00:48-க்கு முன்பே அதைத் தீர்த்தாக வேண்டும்.

தீர்ப்பது அதற்கு முன் வரும் மெல்லிசை. இசை 2 நிமிடம் 38 நொடி, 00:48:00-க்கு முடிய வேண்டும் என்றால் 00:45:22-இல் ஓடவிடுவார்கள். அப்போது பேச்சு இன்னும் முடிந்திருக்காது. ஒலிக்குமிழ் கீழே இருப்பதால் இசை யாருக்கும் கேட்காமல் ஓடும். பேச்சு முடிந்ததும் குமிழை மெல்ல ஏற்ற வேண்டும். பாட்டின் தலை போனால் காது பொறுத்துக்கொள்ளும். வால் அறுந்தால் பொறுக்காது. இந்த உத்தியைக் கெடுப்பது பெரும்பாலும் பதிவின் கடைசியில் ஒட்டியிருக்கும் வெற்று அமைதி. 2:38 என்று எழுதியிருக்கும் பதிவில் கடைசி 4 நொடி வெறுமை என்றால், ஒலிபரப்பிலும் 4 நொடி ஓட்டை விழும். நீளத்தை உறையில் பார்க்காமல், காதால் கேட்டு நிறுத்துக்கடிகாரத்தில் அளக்க வேண்டும்.

ஓட்டை நீண்டால் அதற்கென்று ஒரு காவல் உண்டு. வெளியேறும் ஒலி குறித்த மட்டத்துக்குக் கீழே குறித்த நொடிகளுக்கு மேல் நின்றால், அமைதியுணரி மாற்றுப் பதிவைத் தானே ஓடவிடும். வரம்பைக் குறைத்து வைத்தால் நாடகத்தில் ஒரு நீண்ட மௌனத்தின் நடுவே இசை புகுந்துவிடும். கூட்டி வைத்தால் கேட்பவர் அதற்குள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார். இரண்டு நிமிட மௌன அஞ்சலி போன்ற நாட்களில் உணரியை முன்கூட்டியே அணைத்துவிட்டு, ஒருவர் கையோடு காத்திருக்க வேண்டும்.

இத்தனை பாடுபட்டு நொடியில் நிறுத்திய பிப், டிஜிட்டல் வானொலிப் பெட்டியில் பிந்தித்தான் கேட்கும். ஒலியைச் சுருக்கும்போது கொஞ்சம் தாமதம். பிழை திருத்துவதற்காகத் துணுக்குகளைக் கலைத்து அடுக்குவதற்கு மட்டும் 384 மில்லிநொடி. நிலையங்களை ஒன்றாகக் கட்டி அனுப்புவதும் பெட்டி மறுபடி விரிப்பதும் சேர்ந்து சில நொடிகளாகும். இணையத்தில் ஒலி துண்டு துண்டாகச் சேமித்து வருவதால் இன்னும் கூடும். கைக்கடிகாரத்தைத் திருப்ப விரும்புகிறவர் பழைய பண்பலைப் பெட்டியையே வைத்துக்கொள்ளட்டும்.